ஓடும்போது திக்கித் திணறும் பழைய கார்: பழி இ20 பெட்ரோல் மீதா, பிளக் மீதா?

காந்திபுரத்தில் கிளம்பும்போது வண்டி நன்றாகத்தான் இருக்கிறது. மேட்டுப்பாளையம் தாண்டி, கல்லாறு பக்கம் மலை ஏற ஆரம்பித்ததும் திடீரென்று ஒரு குலுக்கல். ஆக்ஸிலேட்டரை மிதித்தாலும் பிக்கப் இல்லை. இரண்டு வளைவு தாண்டியதும், ஒன்றுமே நடக்காததுபோல் சீராக ஓடுகிறது. மறுநாள் கணபதியில் இருக்கும் பட்டறைக்குக் கொண்டுபோனால், மெக்கானிக் முன்னால் பூனைக்குட்டி மாதிரி நிற்கிறது. "ஒண்ணுந் தெரியலீங்க சார். இந்தப் புது பெட்ரோல்தானுங்க கோளாறு" என்று பதில் வருகிறது.

கோவை, திருப்பூர், ஈரோடு, பொள்ளாச்சி பக்கம் 10, 15 வருடப் பழைய பெட்ரோல் கார் வைத்திருக்கும் பலருக்கு இந்தக் காட்சி புதிதல்ல. முன்பெல்லாம் பிளக், ஃபில்டர், 'சென்சார் போயிருச்சு' என்று காரணங்கள் வரும். 2025-ல் இருந்து அந்தப் பட்டியலில் முதல் இடத்துக்கு வந்திருப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல்.

இது உண்மையா, வெறும் பயமா? விடை தெரியாமல் பார்ட்ஸ் மாற்ற ஆரம்பித்தால் ஆயிரக்கணக்கில் செலவாகும். எல்லாப் பழியையும் பெட்ரோல் மேல் போட்டுவிட்டுச் சும்மா இருந்தால், அதைவிடப் பெரிய செலவு காத்திருக்கலாம்.

பெட்ரோலில் என்ன மாறியது?

2014-ல் இந்தியப் பெட்ரோலில் எத்தனால் சுமார் 1.5 சதவீதம்தான். 2022 ஜூனில் அது 10 சதவீதத்தைத் தொட்டது. 2023 பிப்ரவரி 6 அன்று பெங்களூருவில் பிரதமர் மோடி இ20 பெட்ரோலை அறிமுகம் செய்தபோது, 11 மாநிலங்கள் மற்றும் யூனியன் பிரதேசங்களில் 84 பங்க்குகளில் மட்டுமே அது கிடைத்தது. 2030-க்கு என்று வைத்திருந்த 20 சதவீத இலக்கு முன்னுக்குக் கொண்டுவரப்பட்டு, 2025-லேயே எட்டப்பட்டது. இன்று பெரும்பாலான பங்க்குகளில் சாதாரண பெட்ரோல் என்றாலே இ20தான். வேண்டாம் என்பவருக்கு வேறு பம்ப் கிடையாது.

2023 ஏப்ரலுக்குப் பிறகு வந்த கார்கள் இ20-ஐத் தாங்கும் பாகங்களோடு வருகின்றன. சிக்கல் அதற்கு முந்தையவற்றில்தான். குறிப்பாக 2000-களில் வந்த எம்பிஎஃப்ஐ கார்களும், 2017 முதல் நாடு முழுக்க ஓட ஆரம்பித்த பிஎஸ்-4 கார்களும். இவற்றில் பெரும்பாலானவை எத்தனால் இல்லாத அல்லது 10 சதவீதம் வரை உள்ள பெட்ரோலை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை.

பழைய இன்ஜினுக்கு இ20 என்ன செய்கிறது?

முதலில் மைலேஜ். ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் ஆற்றல், ஒரு லிட்டர் பெட்ரோலில் இருப்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். நிதி ஆயோக் 2021 ஜூனில் வெளியிட்ட திட்ட அறிக்கையே இதைச் சொல்கிறது: எத்தனால் இல்லாத பெட்ரோலுக்காக வடிவமைத்து, இ10-க்கு டியூன் செய்த கார்களில் 6 முதல் 7 சதவீதம் வரை எரிபொருள் திறன் குறையும். பெட்ரோலியத் துறை 2025 ஆகஸ்டில் தந்த விளக்கத்தில், இ20-க்கு டியூன் செய்த கார்களில் 1-2 சதவீதம், மற்றவற்றில் 3-6 சதவீதம் என்றது.

கணக்குப் போட்டால் புரியும். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் தரும் கார் மாதம் 1,000 கிலோமீட்டர் ஓடினால், 6 சதவீதக் குறைவுக்குக் கூடுதலாக 4 லிட்டருக்கு மேல் போகும். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தால் மாதம் 400 ரூபாய்க்கு மேல்.

அடுத்தது காற்று-பெட்ரோல் விகிதம். மிஸ்ஸிங் விஷயத்தில் முக்கியமானது இதுதான். சுத்தமான பெட்ரோல் ஒரு கிலோ முழுதாக எரிய சுமார் 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும். இ20-க்குக் கணக்கிட்டால் ஏறக்குறைய 13.5. அதாவது, அதே அளவு காற்றுக்கு இன்ஜெக்டர் இன்னும் கொஞ்சம் அதிகமாகப் பெட்ரோல் தெளிக்க வேண்டும். இ10-ல் இருந்து இ20-க்கு மாறும்போது தேவைப்படும் கூடுதல் சுமார் 4 சதவீதம்.

இதை யார் சரிசெய்வது? காரின் மூளையான ஈசியூ. சைலன்ஸர் குழாயில் இருக்கும் ஆக்ஸிஜன் சென்சார், 'கலவையில் பெட்ரோல் குறைவு' என்று தகவல் அனுப்பும். ஈசியூ இன்ஜெக்டரைக் கொஞ்சம் கூடுதல் நேரம் திறந்து வைக்கும். பழைய கார்பரேட்டர் வண்டிக்கு இந்த வசதி இல்லை. எம்பிஎஃப்ஐ காருக்கு உண்டு.

அப்படியென்றால் மிஸ்ஸிங்குக்கு இ20தான் காரணமா?

பெரும்பாலும் அது தனியாகக் காரணமாக இருப்பதில்லை. நல்ல நிலையில் இருக்கும் எம்பிஎஃப்ஐ இன்ஜினுக்கு 4 சதவீதத் திருத்தம் பெரிய வேலையே இல்லை. பல கார்களில் ஈசியூவால் 20 சதவீதத்துக்கு மேல்கூடத் திருத்த முடியும்.

ஆனால் 12 வருட கார் எப்போதும் நல்ல நிலையில் இருப்பதில்லையே. ஏதோ ஒரு வேக்கம் குழாயில் வெடிப்பு இருக்கும்; அதைச் சமாளிக்க ஈசியூ ஏற்கெனவே 10 சதவீதம் கூடுதலாகத் தெளித்துக்கொண்டிருக்கும். ஃபில்டர் பாதி அடைத்திருக்கும். அதற்கு இன்னும் 5 சதவீதம். ஓட்டுபவருக்கு எதுவுமே தெரிந்திருக்காது. அந்த நிலையில் இ20-க்கான 4 சதவீதமும் சேரும்போது வண்டி எல்லைக்கு வந்துவிடுகிறது. சாதாரண ரோட்டில் சமாளிக்கும். குன்னூர் மலைப்பாதையிலோ ஆழியாறு தாண்டி வால்பாறைக்கு ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளிலோ திணறும்.

குளிரில் ஸ்டார்ட் செய்த முதல் ஒன்றிரண்டு நிமிடமும், ஆக்ஸிலேட்டரை முழுதாக மிதிக்கும்போதும் பெரும்பாலான பழைய கார்கள் ஆக்ஸிஜன் சென்சார் சொல்வதைக் கேட்பதில்லை. மனப்பாடக் கணக்கில் ஓடும். அந்த நேரங்களில் கலவை இன்னும் மெலிந்துபோகும். 'காலையில மட்டும் உதறுது', 'மேட்டுல மட்டும் இழுக்கல' என்ற புகார்களுக்கு இது ஒரு காரணம்.

இன்னொன்றும் உண்டு. எத்தனால் ஒரு நல்ல கரைப்பான். வருடக்கணக்காக டேங்க்கில் படிந்த பிசுக்கைக் கரைத்து ஃபில்டருக்குக் கொண்டுவரும். இ20-ஐத் தாங்கும்படி செய்யாத பழைய ரப்பர் குழாய், கேஸ்கெட், ஓ-ரிங் போன்றவை ஊதிப்போகவோ விறைத்து வெடிக்கவோ செய்யலாம். சில பழைய வாகனங்களில் 20,000 முதல் 30,000 கிலோமீட்டருக்குப் பிறகு சில ரப்பர் பாகங்களை மாற்ற வேண்டிவரலாம், செலவு குறைவுதான் என்று பெட்ரோலியத் துறையும் சொல்லியிருக்கிறது.

சுருக்கமாக: இ20 பல நேரம் புது நோயைக் கொண்டுவரவில்லை, மறைந்திருந்த நோயை வெளியே காட்டுகிறது.

தண்ணீர் சேர்ந்தால்?

எத்தனால் தண்ணீரை இழுக்கும். கொஞ்சம் தண்ணீரைத் தன்னோடு கலந்து வைத்துக்கொள்ளும். அளவு மீறினால், தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து தனி அடுக்காகப் பிரிந்து டேங்க்கின் அடியில் உட்காரும். பெட்ரோல் பம்ப் உறிஞ்சுவது அடியிலிருந்துதான். குளிர் கூடக்கூட இந்தப் பிரிவு சீக்கிரம் நடக்கும்.

மூடி நன்றாக இருக்கும் காரில், காற்றின் ஈரத்தால் மட்டும் இவ்வளவு தண்ணீர் சேர்வது அரிது. மழைக்காலத்தில் பங்க்கின் நிலத்தடித் தொட்டியில் தண்ணீர் இறங்கினால்தான் ஆபத்து. எத்தனாலே இல்லாவிட்டாலும் தண்ணீர் வண்டியை நிறுத்தும். 2025 ஜூனில் மத்தியப் பிரதேசத்தின் ரத்லாமில் முதல்வரின் பயணத்துக்காக டீசல் போட்ட 19 வாகனங்கள் அடுத்தடுத்து நின்றன. டீசலில் தண்ணீர் கலந்திருந்ததுதான் காரணம்.

இதைக் கண்டுபிடிப்பது சுலபம். பெட்ரோல் போட்ட சில கிலோமீட்டருக்குள் வண்டி உதற ஆரம்பித்தால், பில்லைப் பத்திரப்படுத்தவும். மெக்கானிக்கிடம் சொல்லி டேங்க்கிலிருந்து கொஞ்சம் பெட்ரோலை ஒரு கண்ணாடி பாட்டிலில் எடுத்து, அரை மணி நேரம் அசையாமல் வைக்கவும். அடியில் தனி அடுக்கு தெரிந்தால் விஷயம் முடிந்தது. வீட்டுக்குள், அடுப்புப் பக்கத்தில் இதைச் செய்து பார்க்கவே கூடாது.

எப்போது திணறுகிறது? அதுதான் முதல் துப்பு

விட்டுவிட்டு வரும் கோளாறுக்கு மருந்து, அது வரும் நேரத்தைக் குறித்து வைப்பதுதான். 'அப்பப்ப மிஸ் ஆகுது' என்று சொன்னால் எந்த மெக்கானிக்காலும் ஒன்றும் செய்ய முடியாது.

- காலையில் மட்டும், சூடானதும் சரியாகிறது: வேக்கம் கசிவு, தேய்ந்த பிளக், தவறான வெப்பநிலையைச் சொல்லும் கூலன்ட் சென்சார்.
- நன்றாகச் சூடான பிறகு திடீரென ஆஃப் ஆகி, ஆறியதும் ஸ்டார்ட் ஆகிறது: கிராங்க் பொசிஷன் சென்சார் அல்லது இக்னிஷன் காயில். செல்ஃப் அடிக்கும்போது ஆர்பிஎம் முள் அசையாமல் கிடந்தால், கிராங்க் சென்சார் மேல் சந்தேகம் கூடும்.
- மேட்டிலும் ஓவர்டேக் செய்யும்போதும் மட்டும்: அடைத்த ஃபில்டர், பலவீனமான பெட்ரோல் பம்ப், அழுத்தத்தில் நெருப்புப்பொறி தராத காயில்.
- சிக்னலில் நிற்கும்போது, ஏசி போட்டதும்: கரி பிடித்த த்ராட்டில் பாடி, ஐடில் வால்வு.
- மழையிலும் பனியிலும்: வெடித்த பிளக் வயர், காயில் மூடி. இருட்டில் பானெட்டைத் திறந்தால் பொறி கசிவது சில நேரம் கண்ணுக்கே தெரியும்.
- ரிசர்வில் ஓடும்போது: பம்ப். டேங்க்குக்குள் இருக்கும் பம்ப்பைக் குளிர்விப்பதே அதைச் சுற்றியிருக்கும் பெட்ரோல்தான். எப்போதும் 200 ரூபாய்க்குப் போட்டே ஓட்டினால் பம்ப் சீக்கிரம் சாகும். அடியில் தங்கும் அழுக்கும் தண்ணீரும் முதலில் உள்ளே போகும்.
- பள்ளத்தில் விழுந்ததும் ஒரு நொடி கட் ஆகிறது: தளர்ந்த பேட்டரி டெர்மினல், துருப்பிடித்த எர்த் வயர், கனெக்டர்.

போனிலேயே பார்க்க முடியுமா?

முடியும். 2013 ஏப்ரலுக்குப் பிறகு வந்த கார்களில் பெரும்பாலும் ஸ்டீயரிங்குக்குக் கீழே ஓபிடி-2 சாக்கெட் இருக்கும். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் புளூடூத் அடாப்டரைச் செருகினால், போன் ஆப்பில் ஈசியூ சொல்வதைப் படிக்கலாம். அதற்கு முந்தைய கார்களுக்கு அந்தந்த நிறுவனத்தின் ஸ்கேனர் தேவைப்படலாம்.

முதலில் கோடு. பி0300 என்றால் எந்த சிலிண்டர் என்று சொல்ல முடியாத மிஸ்ஃபயர். பி0301 முதல் பி0304 வரை வந்தால் கடைசி எண்தான் சிலிண்டர் எண். பி0171 என்றால் கலவையில் பெட்ரோல் போதவில்லை. ஒரே சிலிண்டர் மட்டும் மாட்டினால் பெட்ரோல் மேல் பழி போடுவது கடினம். நான்கு சிலிண்டரும் குடிப்பது ஒரே டேங்க்கில்தானே!

அடுத்து 'லாங் டேர்ம் ஃப்யூயல் ட்ரிம்' என்ற எண். ஈசியூ தன் பழைய கணக்கைவிட எத்தனை சதவீதம் கூட்டியோ குறைத்தோ தெளிக்கிறது என்பதை இது காட்டும். இ20-யா, இன்ஜினா என்ற கேள்விக்குப் பதில் இதில்தான் இருக்கிறது.

இ10-க்கு டியூன் செய்த காரில் இந்த எண் +4, +5 என்று இருந்தால், அது எத்தனால் செய்யும் மாற்றமாக இருக்கலாம், கவலை இல்லை. பொதுவாக 10-க்குள் இருந்தால் பரவாயில்லை. +15, +20 என்று காட்டினால் இ20-க்கு மேல் வேறு ஏதோ இருக்கிறது. ஐடிலில் அதிகமாக இருந்து, 2,500 ஆர்பிஎம்மில் குறைந்தால் வேக்கம் கசிவு. ஐடிலில் சரியாக இருந்து, மேடு ஏறும்போது கூடிக்கொண்டே போனால் பம்ப் அல்லது ஃபில்டர். மலைப்பாதையில் இதைப் பார்ப்பது பக்கத்து சீட்டில் இருப்பவர் வேலை. ஓட்டுபவர் ரோட்டைப் பார்க்கட்டும்.

ஸ்கேனர் இல்லையா? கையில் இருக்கும் புகைச் சான்றிதழை எடுத்துப் பாருங்கள். பிஎஸ்-4 பெட்ரோல் காருக்கு ஐடிலில் ஹைட்ரோகார்பன் அளவு 200 பிபிஎம் தாண்டக் கூடாது. அது எகிறியிருந்தால், எரியாத பெட்ரோல் வெளியே போகிறது என்று அர்த்தம். லாம்ப்டா எண் 0.97 முதல் 1.03-க்குள் இருக்க வேண்டும், 1.03-க்கு மேல் போனால் கலவை மெலிந்திருக்கலாம், அல்லது சைலன்ஸரில் ஓட்டை இருக்கலாம்.

பட்டறையில் எந்த வரிசையில் போக வேண்டும்?

கோவை மோட்டார் ஊர். ஜி.டி. நாயுடு, வெள்ளைக்கார அதிகாரி ஒருவரிடம் வாங்கிய மோட்டார் சைக்கிளை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துத்தான் தொழில் கற்றார் என்பது இங்கே எல்லோருக்கும் தெரிந்த கதை. செட்டிப்பாளையத்தில் ரேஸ் டிராக் இருக்கிறது. தெருவுக்குத் தெரு லேத் இருக்கிறது. பழைய கார்கள் இங்கே நீண்ட ஆயுளோடு ஓட இந்தக் கைத்திறன்தான் காரணம். ஆனால் ஈசியூ வண்டியில் பிரித்துப் பார்ப்பதற்கு முன்னால் அளந்து பார்க்க வேண்டும். விலை குறைந்ததில் தொடங்கி மேலே போவது நல்லது.

முதலில் பேட்டரி டெர்மினல், எர்த் வயர், ஏர் ஃபில்டர், வேக்கம் குழாய்கள். இதற்குக் கண்ணும் கையும் போதும். இரண்டாவது, பிளக்குகளைக் கழற்றி நிறம், இடைவெளி பார்ப்பது. மூன்றாவது, காயில் சந்தேகம் இருந்தால் புதிது வாங்காமல் இடம் மாற்றிப் பார்ப்பது: இரண்டாம் சிலிண்டர் காயிலை மூன்றாவதில் போட்டதும் பி0302 கோடு பி0303 ஆக மாறினால் காயில்தான் குற்றவாளி, மாறாவிட்டால் பிளக், இன்ஜெக்டர், கம்ப்ரெஷன் பக்கம் போக வேண்டும். நான்காவது, கேஜ் வைத்துப் பெட்ரோல் அழுத்தம் பார்ப்பது. பல எம்பிஎஃப்ஐ கார்களில் இது 3 பார் சுற்றுவட்டாரத்தில் இருக்கும். உங்கள் மாடலின் சரியான அளவை சர்வீஸ் மேனுவல் சொல்லும். முக்கியமாக, நிற்கும்போது மட்டும் பார்க்காமல், ஆக்ஸிலேட்டர் கொடுக்கும்போதும் அழுத்தம் விழுகிறதா என்று பார்க்க வேண்டும். சென்சார் மாற்றுவது, ஈசியூவைக் கழற்றுவது எல்லாம் கடைசி.

ஒரு எச்சரிக்கை. இன்ஜின் செக் லைட் சும்மா எரிவது வேறு, கண் சிமிட்டுவது வேறு. சிமிட்டினால் கடுமையான மிஸ்ஃபயர் என்று அர்த்தம். எரியாத பெட்ரோல் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து, அதையே உருக்கிவிடும். சில நூறு ரூபாய் பிளக்கைத் தள்ளிப்போட்டு, பல ஆயிரம் ரூபாய் கன்வெர்ட்டரை இழப்பது இப்படித்தான்.

கார்காரரின் கோபம் நியாயமானதா?

தொழில்நுட்பம் ஒருபுறம் இருக்க, இதில் அரசியலும் பொருளாதாரமும் இருக்கிறது. எத்தனால் இல்லாத பெட்ரோலும் எல்லா பங்க்கிலும் கிடைக்க வேண்டும் என்று கோரிய பொதுநல வழக்கை, தலைமை நீதிபதி பி.ஆர். கவாய், நீதிபதி கே. வினோத் சந்திரன் அமர்வு 2025 செப்டம்பர் 1 அன்று தள்ளுபடி செய்தது. கச்சா எண்ணெய் இறக்குமதி குறைகிறது, கரும்பு விவசாயிக்குப் பணம் போகிறது என்பது அரசின் வாதம்.

கொங்கு மண்டலத்துக்கு இது இரண்டு பக்கமும் தொடும் விஷயம். சத்தியமங்கலம், ஆப்பக்கூடல் பக்கம் சர்க்கரை ஆலைகளும் கரும்புக் காடுகளும் இருக்கின்றன. அதே நேரம், எத்தனாலுக்கு மக்காச்சோளம் போவதால் தீவன விலை ஏறுகிறது என்பது நாமக்கல் போன்ற கோழிப்பண்ணைப் பகுதிகளின் கவலை.

மைலேஜ் குறைவை ஈடுகட்ட, கலப்புப் பெட்ரோலின் விலை சாதாரண பெட்ரோலைவிடக் குறைவாக இருக்க வேண்டும் என்று 2021 நிதி ஆயோக் அறிக்கையே பரிந்துரைத்திருந்தது. அது நடக்கவில்லை. அப்போது எத்தனால் மலிவு. 2025-ல் கொள்முதல் விலை லிட்டருக்குச் சராசரியாக 71.32 ரூபாயாக இருந்தது, அதாவது சுத்திகரித்த பெட்ரோலைவிட அதிகம் என்பது அந்த ஆண்டு ஆகஸ்டில் பெட்ரோலியத் துறை தந்த விளக்கம். காரணம் எதுவானாலும், பழைய கார் வைத்திருப்பவர் அதே விலை கொடுத்துக் குறைந்த தூரம் போகிறார். அவருக்கு மாற்றுத் தேர்வும் இல்லை. மிஸ்ஸிங்குக்கு இ20 முழுக் காரணம் இல்லை என்பதால் இந்தக் கேள்வி செல்லாததாகிவிடாது.

இப்போதைக்கு என்ன செய்யலாம்?

- பெட்ரோல் ஃபில்டரையும், எத்தனால் தாங்கும் ரப்பர் குழாய்களையும் அடுத்த சர்வீஸிலேயே மாற்றச் சொல்லுங்கள். பெட்ரோல் வாடை வந்தால் காத்திருக்க வேண்டாம்.
- கால் டேங்க்குக்குக் கீழே போகவிடாதீர்கள். மாதக்கணக்கில் நிறுத்திவைப்பதாக இருந்தால் டேங்க்கை நிரப்பி நிறுத்துங்கள்.
- விற்பனை அதிகமுள்ள பங்க்கில் போடுங்கள். சந்தேகம் வந்தால் அடர்த்திப் பரிசோதனை, ஃபில்டர் பேப்பர் பரிசோதனை கேட்பது உங்கள் உரிமை.
- 95 ஆக்டேன் பிரீமியம் பெட்ரோல் என்றால் எத்தனால் இல்லை என்று நினைக்க வேண்டாம். ஆக்டேன் வேறு, எத்தனால் வேறு.
- திணறும்போது தேதி, இடம், இன்ஜின் சூடு, டேங்க் அளவு, ஏசி ஆன்-ஆஃப் என ஐந்து விஷயங்களைப் போனில் குறித்து வையுங்கள். முடிந்தால் பக்கத்தில் இருப்பவரை வீடியோ எடுக்கச் சொல்லுங்கள்.

அடுத்த முறை பட்டறையில் "பெட்ரோல்தானுங்க கோளாறு" என்று சொன்னால், "ட்ரிம் எவ்வளவு காட்டுதுங்க?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். அந்த எண் +5 என்றால் பெட்ரோல் மேல் சந்தேகப்படலாம். +20 என்றால், பானெட்டைத் திறந்து தேட வேண்டிய நேரம் வந்துவிட்டது.